சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும்

செலவுப் பெட்டி வடிவமைப்பவள் பணத்தையன்று, அதை எடுக்கும் கையையே முதலில் ஆராய வேண்டும்.

வாசகர் முன்கூட்டியே அறிய வேண்டியவை சில. அறுபதுகளில் நான் செஞ்சியில் தமிழாசிரியை. கடைத்தெருவில் தகர வேலை செய்த மாணிக்கத்தைக் கொண்டு, அரிசி, எண்ணெய், விறகு, சேமிப்பு என அறை பிரித்த பெட்டிகளைச் செய்வித்தேன். உங்களையும் என்னையும் போல, மாதக் கடைசியில் கடுகு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பவர்களுக்காகவே அவை. முதலில் வாங்கியவள் எங்கள் தெருத் தனம். பழைய தையல் இயந்திரம் ஒன்றை அவளுக்காகப் பொங்கல்வரை ஒதுக்கிவைக்கக் கடைக்காரர் இசைந்திருந்தார். அதற்குள் பணம் சேராவிட்டால், அது அனந்தபுரத்துத் தையற்காரருக்குப் போய்விடும்.

ஒரே மூடி

முதற்பெட்டியின் அறைகள் அனைத்துக்கும் ஒரே மூடி. சித்திரை முடிவில் தனத்தின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். சேமிப்பறை கலகலவென்று நிறைவாக ஒலித்தது. மகிழ்ந்து திறந்தால், உள்ளே அத்தனையும் புளியங்கொட்டை. பூவுக்கும் சினிமாவுக்கும் காசு எடுத்த போதெல்லாம், அடையாளமாக ஒரு கொட்டையைப் போட்டிருக்கிறாள்.

“ஒண்ணும் கொறையல டீச்சரம்மா, எடுத்ததுக்கெல்லாம் கொட்ட போட்டு வச்சிருக்கேன்!”

தனிப் பூட்டு

அடுத்து, சேமிப்பறைக்கு மட்டும் தனி மூடியும் பூட்டும் அமைத்தேன். ஆடி அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத் தனிப் பேருந்து, பொரி, வளையல். தனம் திரும்பி வருகையில் கை நிறைய வளையல் இருந்தது. அறையில் ஒன்றும் இல்லை. பூட்டை மாணிக்கத்திடம் காட்டிக் குறை சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூட்டு நல்லாத்தான் இருக்குது. சாவிய இன்னாத்துக்கு அந்தம்மா கையிலியே குடுத்தீங்க?”

சாவி மாற்று

அந்தக் கேள்வியே மூன்றாம் வடிவத்தைத் தந்தது. பெட்டிகளை இரண்டு கொண்ட இணையாக மட்டுமே விற்றேன். ஒருத்தியின் சேமிப்பறைச் சாவி மற்றவளிடம் இருக்க வேண்டும். தனத்தின் சாவியை அடுத்த வீட்டு ருக்மணி தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்; ருக்மணியின் சாவி தனத்திடம். புரட்டாசியில் தனம் போய்ச் சாவி கேட்டாள். எதற்கென்று ருக்மணி தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள். வளையலுக்கு என்றாள் தனம்.

“அப்ப கையில மாட்டினுகீறது இன்னாடி, கயிறா?”

பேச்சு நின்றது

ஐப்பசியில், ருக்மணியின் கோழி தனத்தின் வடகத்தைக் கிளறியது. இருவரும் முகம் பாராத பகையாயினர். என் ஏற்பாடு குலைந்தது என்றே நினைத்தேன். ஆனால் பகைத்தவளிடம் போய்ச் சாவி கேட்க எவளுக்கு மனம் வரும்? அமாவாசைகள் வந்து போயின, பெட்டிகள் கனத்தன.

போகியன்று வேறு சிக்கல். பணம் உள்ளே இருக்கிறது. தனமோ சாவி கேட்க மாட்டேன் என்கிறாள். மாணிக்கம் தகரக் கத்தரியோடு வந்துவிட்டார். விதியை நானே உடைப்பதா என்று தடுத்தேன். அந்நேரம் ருக்மணி தானாகவே படியேறி வந்து, பெட்டிமேல் சாவியை ணங்கென்று வைத்தாள்.

“மிஷினு வரட்டும். மொத ரவிக்க எனக்குத்தான், கூலி கேட்டியோ தெரியும் சேதி!”

பின்னர் உறுதியானவை

இயந்திரம் அன்று மாலையே தனத்தின் வீடு வந்து சேர்ந்தது. ஏமாந்த அனந்தபுரத்துத் தையற்காரர் என்னிடம் ஓரிணைப் பெட்டி வாங்கினார். புளியங்கொட்டைகள் பல்லாங்குழிக்குப் போயின. முதல் ரவிக்கை ருக்மணிக்குத் தோளில் இறுக்கமாக அமைந்ததால், மறுபடியும் பேச்சு நின்றது. இருவர் பெட்டிகளும் மறுபடியும் கனத்தன.

ஒற்றுமையாக வாழும் அண்டை வீட்டாருக்கு என் பெட்டியை நான் இன்றுவரை பரிந்துரைப்பதில்லை.