தண்டவாளத்துக் குங்குமம்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ரயில் வரலாற்று ஆர்வலர் சங்கம் ஒன்றை நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது பெரிய வார்த்தை. கூட்டத்துக்கு நாற்காலி போடுவதும் நான்தான், மடக்கி வைப்பதும் நான்தான். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூப்படங்கள் மட்டும் தவறாமல் வரும்.

சலித்துப்போய், சங்கத்தைக் கலைத்துவிடும் முடிவோடு, கடைசிப் பயணமாகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை செர்டாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அங்கே முனியாண்டி கோயிலில் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைச் சாமியாக நட்டிருப்பதாகக் கேள்வி. கூட வருவதாகச் சொன்ன உறுப்பினர்கள் யாரும் வரவில்லை.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் அது தயாரான ஆண்டு எழுத்தில் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் எங்களைப் போன்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்ததால் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் துடைத்தேன்.

"என்னாண்ணே பண்றீங்க?"

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெண், பூக்கூடையோடு பின்னால் நின்றிருந்தார். சாமியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வருஷம் பார்த்தேம்மா."

"திருவிழாவுக்குத் திருவிழா தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறோம்லா. எழுத்து எங்க இருக்கும்?"

இல்லைதான். வெறும் இரும்பு.

அவர் திட்டவில்லை. மஞ்சள் கிண்ணத்தை நீட்டி, துடைத்த இடத்தில் என்னையே பூசச் சொன்னார். கோணலாகப் பூசினேன்.

"அடுத்த தடவை வரும்போது கேட்டுட்டுத் தொடுங்கண்ணே."

அடுத்த தடவை என்று என்னிடம் யாராவது சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அடுத்த கூட்டத்தின் தேதியைக் குழுவில் போட்டேன். பதிலுக்கு ஒரு ரோஜாப் படம் வந்தது. நாற்காலிகளைத் துடைத்து வைத்தேன்.