அருள்ராஜ் அண்ணன் என்னிடம் வாங்கிய கையேடு

அருள்ராஜ் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். மாரடைப்பு, சனிக்கிழமை அடக்கத் திருப்பலி. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒருநாள் அவரை எதிரே உட்காரவைத்துச் சண்டை போட வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் போய்விட்டார்.

குழுவில் எல்லாரும் நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறீர்கள். என்னையும் எழுதச் சொன்னீர்கள். நல்லதை எழுதுகிறேன், மற்றதையும் எழுதுவேன்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நிறுவனம் கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்தது. தாதியர் தொலைபேசியில் அழைத்தால் வழி சொல்லும் உதவிப் பிரிவில் நான் இருந்தேன். அண்ணன் கையேடு எழுதுபவர். மனிதர்களுக்குப் பதில் ஏஐ ஏஜெண்டுகளே அந்த மென்பொருளை இயக்கப்போகின்றன, அவை படித்து நடக்கும்படி புதிய கையேடு வேண்டும் என்றபோது அவர் என்னைத் துணைக்குக் கேட்டு வாங்கினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எழுதியது ஆங்கிலத்தில், சண்டை போட்டது தமிழில். ‘வழக்கம்போல் சரிபார்க்கவும்’ என்று நான் எழுதிய வரியைப் பார்த்து, “யாரோட வழக்கம், சாந்தி?” என்றார். “மனுசனுக்குப் புரியலன்னா போன் பண்ணிக் கேப்பான். ஏஜெண்ட் கேக்காதுலா. அதுக்குப் புரிஞ்சத செஞ்சிட்டுப் போயிடும்.” அந்த வரியை அன்று எத்தனையோ விதமாக மாற்றி எழுத வைத்தார்.

சோதனை நாளன்று ‘பழைய பதிவுகளை நீக்கவும்’ என்ற என் வரியைப் படித்த ஏஜெண்ட், அதற்கு முந்தைய நாள் வரைக்குமான எல்லாப் பதிவுகளையும் துடைத்துவிட்டது. நோயாளி தேதியை மாற்றிய பிறகு மிச்சம் கிடக்கும் பதிவைத்தான் நான் சொல்ல நினைத்தேன். நல்லவேளை, அது சோதனைக்காக உருவாக்கிய போலிக் கிளினிக். “தப்பு அதோடது இல்ல, நம்மளோடது,” என்று சிரித்தார். அன்றே ஒரு விதியும் போட்டார். திரும்பப் பெற முடியாத காரியம் எதுவானாலும் அந்த எச்சரிக்கையைக் கட்டளைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். “செஞ்சப்புறம் எச்சரிச்சு என்ன பிரயோஜனம்?”

பிறகு எந்த ஆவணத்திலும் இல்லாததை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். பஃபலோ ரோட்டுக் காப்பிக்கடையில் குடிக்கத் தே வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்பார். எந்தக் கிளினிக் வெள்ளி மதியம் தொழுகைக்கு மூடும், எந்தத் தாதி குடும்பம் மொத்தத்தையும் அப்பா பெயரிலேயே பதிவார், திரையில் ஒரு பிழை காட்டினால் உண்மையான கோளாறு எங்கே இருக்கும் என்று, தொலைபேசியில் வருடக்கணக்கில் நான் கற்றதையெல்லாம் சொன்னேன். ஆசை ஆசையாகச் சொன்னேன். என் பேச்சை அலுவலகத்தில் வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கையேடு முடிந்த மாதமே உதவிப் பிரிவை மூடினார்கள். இது முதலிலிருந்தே திட்டத்தில் இருந்ததுதான், அருளுக்கும் தெரியும் என்றார் மேலாளர். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. லிப்ட் வாசலில் அவரைப் பிடித்தேன்.

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ எழுதியிருக்க மாட்டலா.”

அவ்வளவுதான் பதில். அவர் வேலை அவருக்கு இருந்தது. நான் பிடோக் வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலை தேடினேன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தார் என்று அன்று சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

புக்கிட் பாத்தோக்கில், அண்ணன் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் சாந்தியா? உங்களப் பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு,” என்றார். பார்க்க நினைத்தவரிடம் என் எண் இருந்தது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது ஒரு கூரியர் நிறுவனத்தில் ஏஜெண்டுகளுக்குக் கையேடு எழுதுகிறேன். அண்ணன் கற்றுக்கொடுத்த தொழில்தான் சோறு போடுகிறது, அதை மறுக்கமாட்டேன். சென்ற வாரம் புகார்ப் பிரிவில் இருக்கும் மல்லிகா அக்காவிடம் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதச் சொன்னார்கள். முதல் கேள்விக்கு முன்னாலேயே சொன்னேன்: “அக்கா, இது முடிஞ்சா உங்க வேல போனாலும் போகலாம். தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.”

“அப்ப நான் சொல்லல,” என்று அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கையேடு பாதியில் நிற்கிறது. என் மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நீங்கள் சொன்னது சரிதான், அண்ணே. சொன்னால் எழுதமாட்டார்கள். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தத் தொழிலும் இந்தக் கோபமும்தான், இரண்டையும் விடுவதாக இல்லை. மல்லிகா அக்கா போல எழுந்து போகிற உரிமை எனக்கும் இருந்தது. அதை நீங்கள் என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள்.