அக்கா திக்கிய இடங்கள்

சொந்தக்காரர்கள் மத்தியில் என் வீட்டுக்காரருக்குக் கத்திரி என்று பெயர். பகலெல்லாம் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, குடும்பத்துக் கல்யாணம், பிறந்தநாள் என்று தான் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டுவார். நன்றி சொன்னவர்கள் குறைவு. "என் தொப்பையை ஏன் வெட்டலை?" என்று சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம்.

லென்ஸ் தேய்க்கும்போது இரண்டு கையும் இயந்திரத்தில் இருக்கும் என்பதால், அளவுகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்வது கடைப் பழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் மனுஷன். வீடியோவை முதலில் முழுக்க ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே மைக்கில் பேசுவார்: "இங்க கை ஆடிடுச்சு, வெட்டு. மாமா கொட்டாவி விடறாரு, வெட்டு." அந்தப் பேச்சு படத்துக்குக் கீழே தனி வரிசையாகப் பதிவாகும். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு வெட்டுவார். வேலை முடிந்ததும் வரிசையின் ஓரத்தில் இருக்கும் குட்டி ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கினால் அது ஊமையாகிவிடும். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது.

இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ரத்தக் குழாய்களோடு பேச வேண்டியதில்லை என்றுதான் அந்த வேலைக்கே போனாராம். எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியோடு வம்பளக்கும்போது மட்டும் பேச்சு தங்குதடையில்லாமல் ஓடும். வெளி ஆள் ஒருவர் வந்தால் நின்றுவிடும். கேமராவும் அவருக்கு வெளி ஆள்தான்.

ஆனால் இவர் முடித்துக் கொடுத்த எந்த வீடியோவிலும் அண்ணி திக்கியதில்லை. கத்திரி விடுவாரா? திக்கிய இடத்தையெல்லாம் தேடித் தேடி எடுத்துவிடுவார். அதை என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, அண்ணியிடமும். ஒருநாள் அண்ணியே சொன்னார்: "பேசறப்ப ரொம்பத் திக்கற மாதிரிதான்டா இருக்கு. அப்புறம் வீடியோவுல பார்த்தா ஒண்ணுமே தெரியல. எனக்குத்தான் பெரிசாத் தெரியுது போல, கேக்கறவங்களுக்கு அப்படி இல்ல."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் அண்ணி ஆஸ்பத்திரியில் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார், மீட்டிங்கில் எழுந்து கேள்வி கேட்டார். அதற்கப்புறம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

அண்ணியின் பணி ஓய்வு விழா வந்தது. "மேடையேறினா எனக்குக் காலு நடுங்கும்டா. நன்றி சொல்றத வீடியோவா எடுத்துக் குடு, போட்டுடலாம்" என்றார் அண்ணி. எங்கள் வீட்டுக் கூடத்திலேயே எடுத்தார்கள்.

அதே வாரம்தான் வீடியோ வெட்டும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தது. ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "நீ சும்மா இரு, இது வேகமா ஓடும்" என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். உள்ளே போனால் அவருக்குப் பிடித்த எழுத்து வடிவங்களைக் காணோம், சிடியில் பதியும் வசதியைக் காணோம். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா! திரும்பிப் போகலாம் என்றால், புதியதில் திறந்த வேலையைப் பழையது திறக்காதாம். ஒலிபெருக்கிப் படமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கண் படம் இருந்தது. அமுக்கினார், பேச்சு வரிசை மறைந்தது. ஓட்டிப் பார்த்தார், அவர் பேசிய சத்தமும் வரவில்லை.

"இதுதான் அது. படத்தை மட்டும் மாத்தியிருக்கான்."

வேலை செய்யும்போது மட்டும்தான் அது மறைந்திருக்கும், முடித்துச் சேமித்தால் அந்தப் பேச்சும் படத்தோடு சேர்ந்தே போகும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னான்? முடிந்த படத்தை ஒருதரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சட்டை தேய்க்க வேண்டியிருந்தது, விழாவுக்கு நேரமாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக் கூட்ட அறை நிறைய ஆட்கள். அண்ணி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் வந்த அண்ணி, "எல்லாருக்கும் வணக்கம்" என்று பிசிறில்லாமல் ஆரம்பித்தார். அதன்மேலேயே இவர் குரல் கேட்டது: "வணக்கத்துல மாட்டிக்கிச்சு, வெட்டு."

யாரோ சிரித்தார்கள். வேடிக்கைக்குச் செய்தது என்று நினைத்திருப்பார்கள்.

"டாக்டர்னு சொல்ல வரல, வெட்டு. மறுபடி திக்குது, வெட்டு. ஐயோ அக்கா, சொல்லித் தொலையேன்! எத்தனைதான் வெட்டறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. இவர் ஒயரில் தடுக்கி விழாத குறையாக லேப்டாப்பை நோக்கி ஓடினார். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி, நிறுத்த வேண்டாம் என்று காட்டினார். படம் முழுக்க ஓடியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது எனக்கு. கட்டினவர் மானம் கப்பலேறினால் நான் மட்டும் கரையில் நிற்க முடியுமா? அண்ணி மேடையேறிப் பூங்கொத்தை வாங்கினார், எல்லோருக்கும் கும்பிடு போட்டார், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் இவருக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்ய எடுப்பார், வைத்துவிடுவார்.

"நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்?"

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. சொல்லித் தொலையேன்னு சொன்னது யாரு?"

அவர் முகம் செத்துப்போய்விட்டது. நான் அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியே வந்தார். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். இவர் உட்காரவில்லை, கதவோரமாக நின்றுகொண்டு கடகடவென்று ஆரம்பித்தார்.

"எல்லாம் அந்தப் புது வெர்ஷனால வந்ததுக்கா. ஊமையாக்கற பட்டனையே தூக்கிட்டான். அது மட்டும் இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காது வரைக்கும் சிவந்துவிட்டது.

அண்ணிக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"எ... எ... எத்..."

இந்த வீட்டில், தம்பியிடம் பேசும்போது, அண்ணி திக்கி நான் கேட்டதே இல்லை. எத்தனை வருஷமாக என்றுதான் கேட்க வருகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். குனிந்த தலை நிமிராமல், அக்காவின் வார்த்தை வந்து முடியும்வரை அங்கேயே நின்றார்.