நடு மேடையில் அறுந்த கயிறு

என் நாத்தனாரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நான் கல்யாணமாகி வந்த அன்றே, "அண்ணிக்குச் சமைக்கவும் தெரியுமா, இல்ல டைப் மட்டும்தானா?" என்று கேட்டவள். துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டுவது அவள் வேலை. இருபது வருடமாக ஒரே கூட்டாளியோடு ஜோடி சேர்ந்து கட்டுகிறாள். அதே துறைமுக ஆபீசில் நான் டைப்பிஸ்ட்.

போன வருடம் துறைமுகத்தின் வாயைக் குறுக்கினார்கள். அலை உள்ளே வராமலிருக்க இரண்டு பக்கக் கல்சுவரையும் நீட்டினார்கள். உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. திட்டம் போட்ட என்ஜினீயருக்கு ஒரே பாராட்டு. அப்புறம்தான் வந்தது வினை. காற்றே இல்லாத ஒரு காலையில், கப்பல் அணையும் நடு மேடையில் நின்ற கப்பலின் கயிறு அறுந்து, சுழன்று வந்து கூட்டாளியின் காலை முறித்துவிட்டது.

மூன்று நாளில் விசாரணை முடிந்தது. "தளர்வு விடாமல் இறுக்கிக் கட்டியதே காரணம்." அந்தக் கயிற்றைக் கட்டியவள் நாத்தனார்; அறிக்கையை டைப் அடித்தவள் நான். என் வீட்டுப் பெண் தலையில் என் கையாலேயே பழியைப் போட்டேன். அன்று மாலை அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், கூட்டாளி அவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனும் அதை நம்பிவிட்டான். வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவே இல்லை.

மறுநாள் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டார்கள். போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், போடாவிட்டால் வேலை போகும்.

"போட மாட்டேன் சார். நான் சரியாத்தான் கட்டினேன். தண்ணிதான் இழுத்துச்சு."

"நடு மேடையிலயே நீர்மட்டக் கருவி இருக்கும்மா," என்றார் என்ஜினீயர். "அன்னைக்கு நாலு விரல் கூட ஏறல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் கோணல்தான் சார். வந்து படகுல ஏறிப் பாருங்க."

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும், எழுந்து வந்துவிட்டார். எவன் கேட்டால் எனக்கென்ன என்று நானும் கூடப் போனேன். கருவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படகை நீளக் கயிறு விட்டுக் கட்டி, அவரை உள்ளே உட்கார வைத்தாள். தண்ணீர் ஏறி இறங்கவில்லை. கருவியும் அசையவில்லை. படகு மட்டும் மெல்ல முன்னால் நகர்ந்தது, கயிறு விறைத்து முனகும்வரை. ஒரு நிமிடம் பொறுத்துப் பின்னால் போனது. யாரும் துடுப்பைத் தொடவே இல்லை.

"தண்ணித் தொட்டியை ஆட்டினா ரெண்டு ஓரத்துலயும்தான் ஏறி இறங்கும்," என்றாள். "நடுவுல ஏறாது சார், ஓடும். ஏறாத இடமாப் பார்த்துக் கருவியை வச்சிட்டு அலையே இல்லைங்கறீங்க. வாயைக் குறுக்கினதுல சின்ன அலை நின்னுச்சு, சரி. மெதுவா வர்ற நீள அலை உள்ள பூந்துடுதே. வந்தது வெளிய போக வழியில்லாம கோடிக்குக் கோடி ஆடுது."

அவர் துறைமுகத்தின் இரண்டு கோடிக்கும் நடந்து போய்ப் படிக்கட்டில் தானே அளந்தார். ஒரு சாண் ஏறி இறங்கியது. முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

ஆனாலும் ஆபீசுக்கு வந்ததும், "இயற்கைக் காரணம்னு போட்டுக்கலாம்மா," என்று இழுத்தார்.

"கடலா வந்து சுவரை நீட்டுச்சு?" என்றாள் நாத்தனார்.

அவர் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. 'கயிறு சரியாகவே கட்டப்பட்டிருந்தது. வாயைக் குறுக்கியதால் உள்ளே நீர் ஆடியதே காரணம்' என்று அடித்து, தாளை உருவி அவர் முன்னால் வைத்தேன். போனால் இரண்டு பேர் வேலையும் சேர்ந்தே போகட்டும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டாளி தாளை இரண்டு தடவை படித்தான்.

"தப்பா நினைச்சுட்டேன். நீ சரியாத்தான் கட்டியிருக்கே."

அவள் உட்காரவில்லை.

"ஆபீஸ் நம்பலன்னு ஆபீசோட சண்டை போட்டேன். நீ நம்பலையேடா, அதுக்கு நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுறது?"