கோணாத கோடு

போன வாரம் அலுவலகத்தில் ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தால் கோடு தானாகவே நேராக விழுகிறது. பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. எனக்கோ மூக்கில் சாயம் கொதிக்கும் வாடை ஏறிவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறை, கீழே சாயப்பட்டறை. புடவைக் கரைகளைக் கணினியில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்போம். அப்போதெல்லாம் மவுஸின் வயிற்றில் ஒரு பந்து உருளும், நினைவிருக்கிறதா? எங்கள் ஊரில் அதில் பட்டுப்பிசிறு சுற்றிக்கொள்ளும். துடைப்பது என் வேலை. மற்றபடி நான் பெரிய கணினி மேதை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

வரைவது பத்மா அக்கா. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஒரு வருடம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. ஒரு புள்ளி விலகினாலும் நெய்த கரையில் பளிச்சென்று தெரியும்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாரு பா. கை ஆடுற ஆள எவன் வெச்சிக்கினு இருப்பான்?"

அதற்காகத்தான் ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரலை எழுதினேன். இடது கையால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் கர்சர் கிடையாக மட்டும் போகும். இன்னொன்றைப் பிடித்தால் மேலும் கீழும் மட்டும். கை எவ்வளவு ஆடினாலும் கோடு ஆடாது. சரிவு வேண்டுமென்றால் என்கிறீர்களா? நெசவில் சரிவு என்பதே படிக்கட்டுதானே. பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று என்று அக்கா கோபுரக் கரையை ஏற்றிவிடுவார்.

ஒருநாள் கல்யாண வீட்டார் வந்து திரைமுன் உட்கார்ந்தார்கள். முதலாளி அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"கோபுரத்த இன்னும் கொஞ்சம் ஒசத்துங்கம்மா," என்றார் பெண்ணின் தாய்.

பாதி ஏற்றியிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. அந்தப் பழைய பெட்டி சீக்கிரம் கண்ணை மூடிவிடும். அதற்குள் சேமிக்காவிட்டால் காலையிலிருந்து போட்டதெல்லாம் போச்சு. அக்கா விசையை விட்டார். கர்சரோ இன்னமும் கிடையாகவே ஓடியது, மேலே மெனுவுக்குப் போக மறுத்தது. என் ஸ்கிரிப்ட் பிடியை விடவில்லை.

"இன்னாம்மா, மேல போவ மாட்டேங்குது?" என்றார் முதலாளி.

அக்கா இடது கையால் கீபோர்டிலேயே சேமித்துவிட்டு, திரும்பாமல் சொன்னார். "பிசிறு சுத்திக்கினு இருக்குது சார்."

முதலாளி குனிந்து மவுஸை அவரிடமிருந்து வாங்கிக் கவிழ்த்தார். பிடிமானம் போன கை மேசைமேல் தனியாக ஆடியது. அக்கா அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். முதலாளி பந்தைக் கழற்றிப் பார்த்தார். நல்லவேளை, நான் வழக்கம்போல் துடைத்திருக்கவில்லை.

"இத கூட சுத்தமா வெச்சிக்க மாட்டியா பா," என்று என் பக்கம் பாய்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

அக்கா அதற்குப் பிறகும் பல வருடம் வரைந்தார். இன்று பந்து மவுஸ் இல்லை. மாடியறையில் செல்போன் கடை. அக்காவும் இல்லை. பழைய சிடியில் இருந்த அவருடைய கரைகளை நேற்று எடுத்துப் பார்த்தேன். எல்லாம் கோணாத கோடுகள், யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். ஸ்கிரிப்டுக்கு முந்தியது ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் கோபுரத்தின் நுனிக்குப் போகும்போது கோடு நடுங்கி ஒரு கட்டம் விலகியிருக்கிறது. அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கை அங்கே மட்டும்தான் இருக்கிறது.