மூட்டு சுத்தம் என்று சொன்னேன்

எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எக்ஸ்ரே பிலிம் பார்ப்பது என் வேலையாக இருந்தது. மனிதர்களுடையதை அல்ல, குழாய்களுடையதை. வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் உண்டா என்று விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துச் சொல்வேன். நான் வேண்டாம் என்றால் குழாயை வெட்டி மறுபடி பற்றவைப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் திமிர் என்னைவிட்டுப் போகவில்லை.

போன வருடம், ராயபுரத்தில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் மீன் விற்கும் பெண்ணின் நாய் நொண்டத் தொடங்கியது. அவளுக்கு வேறு துணை கிடையாது. ஒரு வயதுகூட நிரம்பாத லாப்ரடார். படுத்து எழுந்தால் இடது முன்னங்காலை ஊன்றத் தயங்கும். என்னையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் முழங்கை மூட்டை மடக்கி நீட்டியபோது நாய் முனகியது. எக்ஸ்ரே எடுத்தார்.

"இதுல ஒண்ணும் தெளிவா தெரியல. மூட்டுக்கு உள்பக்கம் ஒரு எலும்பு மேல இன்னொண்ணு விழுந்து மறைக்குது. சி.டி. ஸ்கேன் எடுத்தா சந்தேகம் தீரும். மயக்க மருந்து குடுக்கணும்."

மயக்க மருந்து என்றதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா நைனா, ஆயுசு பூரா பிலிம் பாத்த ஆளு நீ. நீ சொல்லு."

திரையருகே போய்ப் பார்த்தேன். "மூட்டு சுத்தமா இருக்கும்மா. சதைப்பிடிப்புதான். நல்லா ஓடவிட்டா சரியாப்போயிடும்" என்றேன். மருத்துவரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

சந்தேகம் வந்த பிலிமை என் வேலையில் ஒருநாளும் ஏற்றதில்லை. விரிசல் ஒளிந்து நிற்கும், வேறு கோணத்தில் எடு என்று ஆட்களை விரட்டியிருக்கிறேன். அன்று அது தெரியாமல் சொல்லவில்லை. அவள் கேட்டாள், அந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

அதோடு விட்டேனா? காலையில் நானே நாயைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பந்து எறிந்தேன். நொண்டிக்கொண்டே ஓடி எடுத்துவந்தது. குணமாகிறது என்று அவளிடம் சொன்னேன்.

மழைக்காலம் முடிவதற்குள் எழுந்து நிற்கவே அழுதது. ஸ்கேனுக்காக மயக்கி உள்ளே தூக்கிப்போனார்கள். வெளியே பெஞ்சில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"முழிச்சிக்கும்ல நைனா?"

"முழிச்சிக்கும்மா."

இன்னும் என் சொல்லை நம்பினாள்.

நாய் விழித்துக்கொண்டது. மருத்துவர் படத்தைக் காட்டினார். மூட்டை மெல்லிய வில்லைகளாக அரிந்து வைத்ததுபோல் வரிசையாகப் படங்கள். உள்பக்கத்தில் அரிசி அளவு எலும்புச் சில்லு உடைந்து கிடந்தது. பக்கத்து எலும்பும் கெட்டிருந்தது.

"சில்லை எடுத்துடலாம். தேஞ்சது திரும்பாது. அப்பவே எடுத்திருந்தா..."

"நாந்தான் டாக்டரு பயந்துகினு வேணான்னேன்" என்றாள் அவள்.

"இல்லை டாக்டர். நான்தான் தடுத்தேன்."

"சும்மா கெட நைனா. இன்னா, பட்டிமன்றமா நடக்குது இங்க? ஆப்ரேசன் எப்பன்னு கேளு."

ஆப்பரேஷன் முடிந்து நாய் இப்போது நடக்கிறது, கயிற்றில், மெதுவாக. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. ஆனால் என்னைக் கண்டால் பந்து ஞாபகம் வந்து பாய்கிறது. அதனால் அவள் அதை வெளியே கூட்டிவரும் நேரத்தில் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். கீழே மாடிப்படியைப் பார்த்துக் குரைக்கிறது.

"நைனா வராது. நீ வா" என்கிறாள்.