திம்காவின் சிவப்புக் கழுத்துப்பட்டை

இது நடந்தது. ஸகார் இன்றைக்கும் எங்கள் ஊரில், என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. பொறாமைப்பட மட்டும் நன்றாக வரும். அந்தப் பொறாமைதான் அவனைக் காட்டுக் குடிசைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தது.

எங்கள் சைபீரியாக் காட்டில் வேட்டைக் குடிசைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கை விறைத்து வருகிறவன் தோளால் தள்ளினால் கதவு திறக்க வேண்டும். உள்ளே அடுப்பில் விறகு அடுக்கி இருக்க வேண்டும். ஒரு தீக்குச்சி உரசினால் பிழைத்துக்கொள்வான். வருகிறவன் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் சரி, இதில் மாற்றமில்லை.

அந்தக் குடிசை முதலில் நிக்கிஃபோருடையது. கைராசிக்காரன். ஊரே காலிக் கையோடு திரும்பும் வருஷத்திலும் அவன் முதுகில் கீரி மாதிரியான சேபிளின் விலையுயர்ந்த தோல் மூட்டையாகத் தொங்கும். ஸகார் அங்கே போவதற்கு முந்தைய குளிர்காலத்தில் காட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. தேடினோம், கிடைக்கவில்லை. பனி உருகும் சமயத்தில் அவன் நாய் மட்டும் எலும்பும் தோலுமாக ஊருக்குள் வந்தது. புகை நிறப் பெட்டை நாய், பெயர் திம்கா.

ஆள் போனால் அவன் வேட்டைக் காடும் குடிசையும் நாயும் அடுத்த வேட்டைக்காரனுக்குச் சேரும். அடுத்தவன் ஸகார். காலமெல்லாம் நிக்கிஃபோரைப் பார்த்து வயிறெரிந்தவனுக்கு எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்தது. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? "நிக்கிஃபோர் நாயைக் கூட்டிட்டுப் போறியா?" என்றே கேட்டார்கள். அது அவனுக்கு முள்ளாகக் குத்தியது.

இலையுதிர்காலத்தில் தனியாகக் காட்டுக்குப் போனான். மாவு, உப்பு, தோட்டா தவிர மற்றதெல்லாம் காடு கொடுக்கும். மீன் அவனே பிடித்தான், விறகு அவனே பிளந்தான், ரொட்டி அவனே சுட்டான். பேச்சுத்துணைக்கு மத்தியானம் வயர்லெஸ் ரேடியோவில் மனைவி தாயிசியா. மீதி நேரமெல்லாம் திம்காதான். அங்கே நாய் இல்லாவிட்டால் வேட்டை இல்லை, கரடி வருவதைச் சொல்ல ஆளும் இல்லை.

திம்கா கெட்டிக்காரி. ஆனால் சேபிளைத் துரத்தி மரத்தில் ஏற்றிவிட்டு ஸகாரைப் பார்த்துக் குரைக்காது. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக் குரைக்கும்.

முதலில் அவன் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் பொறி பார்த்துவிட்டுத் திரும்பி, நாய்க்கு மீன் வைத்தான். திம்கா முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வயிறு நிறைந்திருந்தது. வாசலில் புதிய மீன்முள் கிடந்தது. சுற்றிலும் பனி... நாயின் தடத்தைத் தவிர ஒரு தடமும் இல்லை.

மறுநாள் ரேடியோவில் பொரிந்து தள்ளினான்.

"எவனோ என் நாய்க்குச் சாப்பாடு போடுறான், தாயிசியா!"

"போட்டா போட்டும், உனக்கு மீன் மிச்சம்."

"அவ எங்கிட்ட வாலாட்ட மாட்டேங்கிறா. வாசலப் பாத்து ஆட்டுறா."

தாயிசியா சிரித்தாள். "நாய்க்காக இப்படி எரியுறியே, எனக்காக ஒருநாள் எரிஞ்சிருக்கியா நீ?"

"விளையாடாத. எவனோ விசிலடிக்கிறான். சின்னதா ரெண்டு... அப்புறம் நீளமா ஒண்ணு."

சிரிப்பு நின்றுவிட்டது.

"நிக்கிஃபோர் அப்படித்தான் விசிலடிப்பான்" என்றாள்.

வேறு ஒருவனாக இருந்தால் பயந்திருப்பான். ஸகாருக்கு வந்தது கோபம். செத்தும் விட மாட்டானா இவன்? அன்றைக்கே மூட்டை கட்டும் சிவப்பு நாடாவை வெட்டிக் கழுத்துப்பட்டை தைத்தான். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் தன் பெயரின் முதல் எழுத்தைச் சுட்டான். திம்காவின் கழுத்தில் கட்டி, "இப்ப நீ யார் நாய்? சொல்லுடி" என்றான். அது வாசலைப் பார்த்தது.

அப்போதுதான் தாழ்ப்பாள் செய்தான். கனமான லார்ச் மரக் கட்டை.

"காட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளா?" ரேடியோவில் தாயிசியா பதறினாள். "வேணாய்யா! யாராவது விறைச்சுப்போய் வந்தா?"

"யாரு வருவா இங்க? வர்றவன் யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

ரேடியோவை அணைத்துவிட்டான்.

டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அன்று பனிப்புயல் வேறு. ஸகார் நாயை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவை அடைத்தான். கட்டையைச் செருகினான். மெழுகுவர்த்தி ஏற்றினான். திம்கா கதவடியில் மூக்கை வைத்துப் படுத்தது.

காற்று நின்றது.

விசில். சின்னதாக இரண்டு... நீளமாக ஒன்று.

திம்கா எழுந்தது. இத்தனை நாளில் அவன் கேட்டிராத குரலில் கொஞ்சியது. குட்டி நாய்போல.

ஸகாருக்கு நெஞ்சு வெந்தது. "படு!"

படுக்கவில்லை.

தொம்.

யாரோ தோளால் கதவைத் தள்ளினார்கள். எங்கள் காட்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். விறைத்த கையால் தட்ட முடியாது.

தொம்... தொம்...

தள்ளுவது பலவீனமாக இருந்தது. முடியாதவன் தள்ளுவதுபோல.

ஸகாரின் கை கட்டை வரை போனது. திறந்தால் நாய் போய்விடும். கையை இழுத்துக்கொண்டான்.

"என் நாய்டா!" என்று கத்தினான். "குடிசையைக் கேளு, தர்றேன்... நாயைத் தர மாட்டேன். போ!"

தள்ளுவது நின்றது.

மெழுகுவர்த்திச் சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

திரும்பிப் பார்த்தான்.

திம்கா இல்லை.

கட்டிலுக்கு அடியில் இல்லை. மூட்டைக்குப் பின்னால் இல்லை. ஒரே அறை... ஒரே கதவு.

கட்டை செருகியபடியே இருந்தது.

விடிந்ததும் வெளியே வந்தான். வாசலிலிருந்து நாயின் தடம் மட்டும் குடிசைக்கு அப்பால் இருந்த ஆழமான பள்ளத்தை நோக்கிப் போனது. நேராகப் போகவில்லை. கூட நடக்கும் ஆளின் முழங்காலை உரசி உரசி நாய் நடக்குமே, அப்படிப் போனது. பள்ளத்தின் விளிம்பில் தடம் நின்றுவிட்டது.

நாய் இல்லாமல் வேட்டை ஏது? தாழ்ப்பாளை அடுப்பில் போட்டு எரித்தான். வருகிறவனுக்காக விறகு அடுக்கி வைத்தான். வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தான். கேட்டவர்களிடம் நாய் ஓடிவிட்டது என்றான். அதைச் சொல்லும்போதும் அவமானத்தில் முகம் சிவந்தது.

கோடையில் அந்தப் பள்ளத்தில் நிக்கிஃபோர் கிடைத்தான். வெயிலே படாத இடம். அங்கே பனிக்கட்டி வருஷக்கணக்கில் உருகாது. காட்டுப் பழம் பறிக்கப் போன எங்கள் ஊர் வேட்டைக்காரன் புரோகர்தான் முதலில் பார்த்தான். ஸகாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

கண்ணாடிபோன்ற பனிக்கட்டிக்குள் நிக்கிஃபோர் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவன் மார்பில் முகம் புதைத்துத் திம்கா சுருண்டிருந்தது. அதன் கழுத்தில் ஸகாரின் முதல் எழுத்துச் சுட்ட சிவப்புப் பட்டை. நிக்கிஃபோரின் விரல்கள் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இறுக நுழைந்திருந்தன.

"உன் பட்டைதானே?" என்றான் புரோகர்.

ஸகார் தலையாட்டினான்.

"அப்ப இதைப் பாரு." புரோகர் குனிந்து காட்டினான். அவர்களுக்கு மேலே, பனிக்கட்டிக்குள், உதிர்ந்த லார்ச் இலைகள் மஞ்சளாக ஒரு அடுக்கு. எங்கும் கலையவில்லை, வெட்டுப்படவில்லை. "போன இலையுதிர்காலத்துல உதிர்ந்தது. இவங்க அதுக்கும் அடியில இருக்காங்க. பட்டையை நீ எப்பத் தைச்ச?"

"டிசம்பர்ல."

புரோகர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பின்வாங்கினான்.

ஸகார் மட்டும் அங்கேயே நின்றான். தன்னிடம் ஒருநாளும் அப்படி முகம் புதைக்காத அந்த நாயை வெகுநேரம் பார்த்தான்.

"பட்டை என்னோடதுதான்" என்றான் கடைசியில். "நாய் அவனோடது."